தையலுக்கு விட்ட அரை அங்குலம்

‘அறுபதடி ரோடு’ – பதினோராம் அத்தியாயம்

நகரசபைத் தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள். களத்து வீதியில் ஒருவருக்கும் ஒழுங்கான தூக்கம் கிடையாது.

எல்லாம் சுப்பண்ணன் டீக்கடைச் சுவரில் தொங்கிய அட்டையால் வந்தது. போன வாரம் நாச்சிமுத்து அதை ஆணியடித்து மாட்டியபோது கூடிய கூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தெற்கு வரிசை வீடுகள் பதினான்கும் அதில் கட்டம் கட்டமாக இருந்தன. கட்டத்துக்குக் கட்டம் வீட்டுக்காரர் பெயர். அவற்றின் மேல் சிவப்புக் காகிதத்தில் கத்தரித்து ஒட்டிய ரோடு, கிழக்குக் கோடியில் வீடுகள்மேல் ஏறி, மேற்கே போகப் போகக் கோணலாக விலகியது. நகரசபை போடப்போகும் அறுபதடி ரோடு. அந்தச் சிவப்பு பட்ட வீடுகள் பதினொன்று.

நகரசபை ஆபீசில் மாட்டியிருந்த திட்டப் படத்தை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பார்த்தவர்களுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். வீடு எது, சாக்கடை எது என்று தெரியாத கோடுகள். நாச்சிமுத்துதான் மெல்லிய தாள் ஒன்றை அதன்மேல் வைத்துப் பென்சிலில் கோடு எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து அட்டையில் இறக்கினான்.

அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினாறு வருஷமாகத் துணி வெட்டுகிறவன். ஒரு பீஸ் கெடுத்தான் என்று யாரும் சொன்னதில்லை. அவன் வெட்டி ஒட்டியது தப்பாகாது என்று வீதி நம்பியது. நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பு பட்ட ஒன்பதாவது வீடு அவன் அப்பா சென்னியப்பன் கட்டியது. தன் வீட்டையே இடிக்கிற மாதிரி எவன் பொய்ப் படம் போடுவான்?

அட்டை ஏறிய மறுநாளே அவன் தம்பி மணியனுக்கு யோகம் அடித்தது. சலவைப் பட்டறை வேலையை உதறிவிட்டு ஏணிச் சின்னத்தில் தேர்தலுக்கு நின்றவன் அவன். அதுவரை பார்த்துச் சிரித்தவர்கள் வாசல் சுவரில் காவியால் ஏணி வரைந்துகொண்டார்கள். மணியனுக்கு ஒரே பேச்சுதான். “ரோட்டைக் களத்துப் பக்கம் தள்ளு. ஊட்டைத் தொடாதே.”

களம் என்பது அந்த வீடுகளுக்குப் பின்னால் கிடந்த நாலு ஏக்கர் பொட்டல். வெளுத்த துணியைக் காயப்போடும் இடம். அதன் சொந்தக்காரர் ஆறுமுகசாமி. ஐம்பத்தொன்பதில் ஜெயித்து இன்றுவரை வார்டு மெம்பர். இந்த முறையும் தராசுச் சின்னத்தில் நிற்கிறார். ரோடு வந்தால்தான் ஊர் வளரும், வீடு போகிறவர்களுக்கு அனுப்பர்பாளையத்துப் பக்கம் தானே மனை தருகிறேன் என்பது அவர் பேச்சு.

மகன் மெம்பரை எதிர்த்து நிற்கிறான் என்று கேட்ட நாளிலிருந்து சென்னியப்பன் மணியனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர் உட்காருவார்.

இது இன்றுவரை உள்ள நிலைமை.

*

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாச்சிமுத்து கட்டிங் டேபிள் முன்னால் நின்றிருந்தான். மெட்ராஸ் வியாபாரி ஒருவர் புது மாடல் பனியன் அனுப்பியிருந்தார். அதைப் பிரித்துப் போட்டு அட்டையில் உருவம் எடுக்க வேண்டும். முதலில் பனியனை ஒட்டி ஒரு கோடு. பிறகு அதற்கு வெளியே இன்னொரு கோடு. தையலுக்குக் கால் அங்குலம், சலவையில் சுருங்குவதற்குக் கால் அங்குலம். வெளிக்கோட்டில்தான் கத்தரி போகும். இதை அவன் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

இன்றும் போனது. பாதி வளைவில் நின்றுவிட்டது.

அன்றைக்குச் சிவப்புக் காகிதத்தின்மேல் தாளை வைத்து ரோட்டை வெட்டினானே, அப்போது கத்தரி எந்தக் கோட்டில் போயிற்று?

ஞாபகம் வரவில்லை. விளக்கை எங்கே வைத்தான் என்பது ஞாபகம் இருந்தது. பசை கிண்டிக் கொடுத்த அமராவதி கையைச் சுட்டுக்கொண்டது ஞாபகம் இருந்தது. கத்தரி போன வழி மட்டும் ஞாபகம் இல்லை. கை தானாகப் போகும்போது யார் கவனிக்கிறார்கள்?

“ஏனுங் மாஸ்டர், கத்திரி கையைக் கடிச்சுப் போடுச்சா? அப்படியே நின்னுட்டீங்க” என்றாள் வெட்டிய பீஸ்களைக் கட்டுக் கட்டும் தெய்வாத்தாள்.

“இல்ல.”

“தம்பி ஜெயிச்சா நீங்க வேலைக்கே வரமாட்டீங்கன்னு பேசிக்கறாங்க. இப்பவே பழகறீங்களாட்ட இருக்குது.”

அவன் சிரிக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை எடுத்தான்.

*

டீக்கடையில் அந்த நேரத்துக்குக் கூட்டமில்லை. நாச்சிமுத்து அட்டைக்கு முன்னால் நின்று சிவப்பின் குறுக்கே டேப்பை வைத்தான்.

“என்னுங் மாஸ்டர், ரோட்டுக்குப் பனியன் தைக்கப் போறீங்களா?” என்றார் சுப்பண்ணன், பாய்லருக்குப் பின்னாலிருந்து.

திட்டப் படத்தில் ஒரு அங்குலம் நாற்பதடி என்று நகரசபைக் குமாஸ்தா சொல்லியிருந்தார். அறுபதடிக்கு ஒன்றரை அங்குலம் வர வேண்டும். டேப் இரண்டரை காட்டியது. இன்னொரு இடத்தில் வைத்தான். அங்கேயும் இரண்டரை.

இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. நகரசபை ரோட்டுக்குத் தையலும் சுருக்கமும் விட்டு வெட்டியிருக்கிறான். அறுபதடி ரோடு நூறடி ஆகிவிட்டது.

சிவப்பின் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி நகத்தால் கீறிப் பார்த்தான். கோடு முதல் மூன்று வீடுகளைத் தொட்டது. குழந்தையம்மாள், திருமூர்த்தி, பெரியாத்தாள். நாலாவது வீட்டு மூலையில் ஒட்டாமல் நழுவி வெளியே போயிற்று. மீதி எட்டு வீடுகளில் ஒரு ஓடுகூட அசையாது. அவன் அப்பா வீடும் அந்த எட்டில் ஒன்று.

வீடு தப்பியது என்று மனசு குதிக்க வேண்டும். குதிக்கவில்லை. பதினாறு வருஷப் பெயர் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவனுக்குக் கேவலமாக இருந்தது.

மணியன் வந்து சேர்ந்தான். கேரியரில் மூங்கில் ஏணி ஒன்றைக் கட்டியிருந்தான். ஒரு வாரம் கத்தியதில் தொண்டை போய்விட்டது.

“அண்ணா, லீவா? நல்லதாப் போச்சு. பொழுதோட கூட்டத்துல நீ ரெண்டு வார்த்தை பேசோணும்.”

“இக்கட்ட வா மணியா.”

கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். மணியன் முதலில் சிரித்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“சுப்பண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. கம்முனு ஊட்டுக்குப் போ.”

“தப்புடா அது.”

“தப்புதான். ஞாயித்துக்கிழமை ஓட்டு. மறுநாள் நானே வந்து சரி பண்ணிக் குடுக்கறேன்.”

“எட்டு ஊட்டுக்காரங்க சோறு எறங்காம கெடக்கறாங்க.”

“ஆறு நாளைக்குக் கெடக்கட்டும். நீ யோசிச்சுப் பாருண்ணா. பதினோரு ஊடு கத்துனா ரோடு நிக்கும். மூணு ஊடு கத்துனா ரோடு ஊட்டு மேலயே போவும். தன்ற ஊடு தப்புச்சுன்னு தெரிஞ்ச நிமிசம், குழந்தையம்மாளா, அது யாருன்னு கேப்பாங்க இந்த எட்டுப் பேரும்.”

“அவளுக்காகவா நீ பேசறே? ஓட்டுக்குப் பேசறே.”

“ரெண்டுக்குந்தான் பேசறேன். ஏன், பேசக்கூடாதா?”

நாச்சிமுத்துவுக்கு, தம்பி சொன்னது நிஜமாக இருந்ததுதான் எரிச்சல்.

“அண்ணா,” மணியன் குரல் இறங்கியது, “வாழ்க்கையில இதுவரைக்கும் நான் தொட்டது ஒண்ணும் வெளங்குனதில்ல. உனக்கே தெரியும். இது ஒண்ணு வெளங்குது. கெடுத்துப் போடாதே.”

ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

*

வீட்டு முற்றத்தில் சென்னியப்பன் கட்டில் நாடாவை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். ஜின் பாக்டரியில் பஞ்சு எடை போட்டு ஓய்ந்தவர். கை சும்மா இருக்காது.

“என்றா இந்நேரத்துக்கு?”

“லீவுங்க.”

“சோறு தின்னு போ.”

உள்ளே அமராவதி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூலனூரிலிருந்து அவள் அண்ணன் ஒரு கட்டு அனுப்பியிருந்தான். மூன்று நாளாக அந்த வீட்டில் குழம்பும் அதுதான், பொரியலும் அதுதான்.

நாச்சிமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முற்றத்தில் கேட்காத குரலில் சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நம்மூடு போவாதுங்களா?”

“போவாது.”

“அப்ப இந்த ஒரு வாரமா நான் அழுத அழுகை?”

“தண்டம்.”

அவள் அவனை முறைத்தாள். சிரிப்பதா வைவதா என்று தெரியாத முறைப்பு. பிறகு முகம் மாறியது.

“ஏனுங், நல்லான் ஊடு ஏழாவதுதானே?”

“ஆமா.”

“ஐயோ. வெடியால அவரு சம்சாரம் கருப்பாத்தா வந்து அழுதுட்டுப் போனாங்க. இன்னிக்குப் பொழுதோட அஞ்சு மணிக்குக் களத்து ஆபீசுல கையெழுத்தாம். ஊட்டை மெம்பருக்கே குடுத்துப் போடறாங்களாம். இடிஞ்சா மண்ணுதானே மிஞ்சும், இப்பக் குடுத்தா ஒரு மனையாவது வருமேன்னு நல்லான் சொல்றாராம்.”

நாச்சிமுத்து எழுந்தான்.

“சோறு?”

“வந்து திங்கறேன்.”

“தம்பி என்ன சொல்லுது?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயை மூடச் சொல்றான்.”

அமராவதி ஒரு முருங்கைக்காயை எடுத்து நாரை உரித்தாள். “நல்லானுக்கு மட்டும் சொல்லிப்போடுங்க. காதோட காதா. அவரு விக்காம இருந்தாப் போதும். தம்பிக்கும் கெடுதல் வேண்டாம்.”

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. நாலு மணிவரை இருந்தது.

*

நல்லான் கைவண்டி இழுப்பவன். பின்னிய துணியைச் சலவைக்கும், சலவைத் துணியைக் கம்பெனிக்கும் கொண்டுபோவது அவன் தொழில். களத்தில் அவனைப் பிடிக்க நாலு மணி ஆகிவிட்டது. காய்ந்த துணியை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

நாச்சிமுத்து சொன்னதை எல்லாம் நல்லான் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்ததும் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

“மாஸ்டருங்க, நேத்து உங்க தம்பி வந்து விக்காதே, ஓட்டுப் போடற வரைக்கும் பொறுன்னாரு. இன்னிக்கு நீங்க வந்து ஊடே போவாதுங்கறீங்க. நாளைக்கு யாரு வந்து ரோடே வராதும்பாங்க?”

“நெசமாச் சொல்றேன் நல்லா. என்ற தப்பு. தையலுக்கு விடறாப்பல விட்டுப்போட்டேன்.”

“ரோட்டுக்குத் தையலு.”

“ஆமா.”

“ஏனுங்க, வண்டி இழுக்கறவன்னா காதுல பூ சுத்தலாம்ன்னு நெனச்சீங்களா? நானும் வித்தா மீதி இருக்கறவங்களும் விப்பாங்க. வித்தவன் தராசுக்குப் போடுவான். அதுக்குத்தானே வந்திருக்கீங்க?”

நாச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. வீதிக்காரன் ஒருவனிடம் முதன்முதலாக நிஜத்தைச் சொல்கிறான். அது பிரசாரமாகக் கேட்கிறது.

“அப்படி நெசமா இருந்தா,” என்றான் நல்லான், “இங்க வந்து என்ற காதுல ஏனுங்க ஓதறீங்க? அந்த அட்டையில எல்லாரும் பார்க்கத்தானே ஒட்டுனீங்க? எல்லாரும் பார்க்க மாத்துங்களேன். அப்ப நம்பறேன்.”

களத்து ஆபீஸ் வாசலில் ஆறுமுகசாமியின் கார் வந்து நின்றது. நல்லான் அந்தப் பக்கம் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“வண்டியை விட்டுட்டு வா” என்றான் நாச்சிமுத்து.

“மணி நாலரை ஆச்சுங்க.”

“அரை மணி நேரம் ஆவாது. வா.”

*

சுப்பண்ணன் பெஞ்சில் அட்டையைக் கிடத்தியபோது பத்துப் பேர்தான் இருந்தார்கள். ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தபோது முப்பது பேர் ஆகிவிட்டார்கள். மாஸ்டர் அட்டையைக் கழற்றிவிட்டார் என்ற செய்தி வீதியின் மேற்குக் கோடிவரை போய்த் திரும்பியது.

அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிவப்பின் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே அளந்து புள்ளி வைத்தான். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டான். கோட்டின்மேல் பிளேடை இழுத்தான்.

“சுப்பண்ணா, சுடுதண்ணி.”

பசை ஊறியதும் மேற்கிலிருந்து உரிக்கத் தொடங்கினான். சிவப்பு நாடா மாதிரிச் சுருண்டு வந்தது. பதினோராவது வீட்டுக் கட்டம் வெள்ளையாக வெளியே வந்தது. பத்தாவது. ஒன்பதாவது.

“மாஸ்டரு ஊடும் தப்பிச்சுது பாரு!” என்றான் எவனோ. இரண்டு பேர் சிரித்தார்கள்.

எட்டு. ஏழு.

“நல்லா, உன்னுது.”

நல்லான் குனிந்து கட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ஈரப் பசை ஒட்டியது. கருப்பாத்தாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, “நெசமாங்களா மாஸ்டர்? நெசமாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“நெசந்தானுங்க. சந்தேகம்னா நாளைக்கு எல்லாரும் என்கூட நகரசபை ஆபீசுக்கு வாங்க. படத்துமேல டேப்பு வெச்சுக் காட்டறேன்.”

சத்தம் கிளம்பியது. ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் நாச்சிமுத்துவின் சட்டையைப் பிடித்தான்.

“அப்ப ஓட்டுக்காக எங்களை ஒரு வாரம் அழுக வெச்சீங்களா? அண்ணன் படம் போடறது, தம்பி ஓட்டுக் கேக்கறது!”

“ஓட்டுக்கில்லீங்க. என்ற கை பண்ணுன தப்பு.”

“உங்க கை தப்பாதுன்னுதானய்யா நம்புனோம்!”

சட்டையை விடுவித்துக்கொண்டு குனிந்தான். ஆறு, ஐந்து, நாலு. அதோடு நின்றது. கோடு மூன்றாவது வீட்டுக்குள் போய்விட்டது. ஓரம் மட்டும் கொஞ்சம் குறைந்ததே ஒழிய, மூன்று வீட்டுப் பெயர்களும் சிவப்புக்குள்ளேயே கிடந்தன.

மணியன் சொன்னபடியே நடந்தது. அவன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக நடந்தது. தப்பிய வீட்டுக்காரர்கள், நல்லானும் கருப்பாத்தாளும் நீங்கலாக, பேசிக்கொண்டே கலைந்தார்கள். சுவரில் வரைந்த ஏணியை ஒருத்தி போகிற போக்கில் புடவைத் தலைப்பால் தேய்த்துவிட்டுப் போனாள். பெஞ்சைச் சுற்றி நாலு பேர்தான் மிஞ்சினார்கள்.

குழந்தையம்மாள் அட்டையைப் பார்த்தபடி நின்றாள். பனியன் கம்பெனிகளில் விழும் வெட்டுத் துணியைத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் செத்து ஆறு வருஷம்.

“அப்ப என்னுது நெசம்” என்றாள்.

“ஆமாங்க்கா.”

“சரி.” அட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள். “ஒண்ணு கேக்கறனுங்க தம்பி. இது தப்புன்னு மெம்பருக்குத் தெரியாதுங்களா?”

“என்னது?”

“போன புதங்கெழமை நானும் போயி அவருகிட்டக் கேட்டனுங்க. என்ற ஊட்டையும் வாங்கிக்கங்க சாமின்னு. உன்னுது வேண்டாம் ஆத்தான்னுட்டாரு. திருமூர்த்தி போனாரு, அவரையும் வேண்டாம்ன்னுட்டாரு. நல்லானுது மட்டும் எதுக்கு வேணுமாம்?”

நாச்சிமுத்து கையில் பிளேடோடு நின்றான். திட்டப் படத்தை மாதத்துக்கு நாலு தடவை பார்க்கிற மெம்பர். ரோடு எந்த வீட்டைத் தொடும், எந்த வீட்டுக்கு ரோட்டோர மதிப்பு வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அட்டை தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மணியன் அன்றைக்கே காலி. அவர் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, இடியப் போவதில்லை என்று தெரிந்த வீடுகளை மட்டும் வாங்கினார்.

அவன் வெட்டிக் கொடுத்தான். அவர் தைத்துக்கொண்டார்.

“நல்லா,” என்றான், “வேற யாராச்சும் கையெழுத்துப் போட்டிருக்காங்களா?”

நல்லான் கருப்பாத்தாளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா மாஸ்டர்? எனக்கு இந்த யோசனையைச் சொன்னதே உங்களைப் பெத்த ஐயன்தானுங்களே. சனிக்கெழமையே அவரு போட்டுட்டாரு. மொதக் கையெழுத்தே அவருதுதான்.”

*

வீட்டுக்குப் போகும் நூறு கஜத்தை எப்படி நடந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. சைக்கிளை டீக்கடையிலேயே விட்டிருந்தான்.

சென்னியப்பன் நாடா இறுக்கி முடித்த கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மகன் வந்து நின்றதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சத்தம் கேட்டுது. என்ன அங்க?”

“நம்மூட்டை மெம்பருக்கு எழுதிக் குடுத்தீங்களா?”

சமையலறைக்குள் பாத்திரம் விழுந்தது.

சென்னியப்பன் மறைக்கவில்லை. “ஆமா. ரோட்டுக்குப் போற ஊடு. நகரசபைக்காரன் குடுக்கறதுல ரெண்டு பேருக்கும் என்ன மிஞ்சும்? அவரு அனுப்பர்பாளையத்துல ரெண்டு மனை தாரேன்னாரு. உனக்கொண்ணு, அந்த ஏணிக்காரனுக்கு ஒண்ணு. எனக்கப்பறம் ரெண்டு பேரும் ஒரு சுவத்துக்கு அடிச்சுக்க வேண்டாம்ன்னு பண்ணுனேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே.”

“கேட்டா அவன் விடுவானா? மெம்பரு ஊட்டுப் படியேறுனேன்னு வீதி முச்சூடும் மைக்குல கத்துவான்.”

நாச்சிமுத்து கட்டிலின் எதிரே தரையில் உட்கார்ந்தான். நின்றுகொண்டு சொல்ல அவனால் முடியவில்லை. அரை அங்குலத்தைச் சொன்னான். தையலைச் சொன்னான். ஒன்பதாவது கட்டம் வெள்ளையாக வெளியே வந்ததைச் சொன்னான்.

சென்னியப்பன் முழுதும் கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பஞ்சு எடை போடும்போது முள் நிற்கிறவரை அப்படித்தான் இருப்பார் என்று பாக்டரியில் சொல்வார்கள்.

“போவாதா?” என்றார்.

“போவாதுங்க.”

“சுவரு?”

“சுவருகூடப் போவாதுங்க.”

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சுவருக்கு மண் மிதித்தவர், கல் அடுக்கியவர் அவர்தான். ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாமல், பாக்டரி விட்டு வந்து கட்டிய வீடு.

“படத்தை ஒருக்கா ஆபீசுல போயிப் பார்த்துக்கறீங்களான்னு மெம்பரே கேட்டாருடா,” என்றார். “வேண்டாம்ன்னேன். என்ற மகன் வெட்டுனது, ஒரு நூலு தப்பாதுன்னு சொல்லிப்போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

நாச்சிமுத்து தலையைக் கவிழ்த்தான்.

வாசலில் சைக்கிள் தடாரென்று விழுந்தது. மணியன் உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது. டீக்கடையில் அவனுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனை அடிக்கத்தான் வந்தான், கை மடங்கியிருந்தது. அப்பாவின் கடைசி வார்த்தை காதில் விழுந்து, முற்றத்து நடுவிலேயே நின்றுவிட்டான்.

அமராவதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு மணியன் அப்பாவைப் பார்த்துப் பேசினான். குரலே வரவில்லை. காற்றுதான் வந்தது.

“பத்திரம் பதியறது என்னிக்குங்க?”

சென்னியப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவரும் பதில் சொன்னார்.

“வெள்ளிக்கெழமை. பத்தரை மணிக்கு.”

“உங்களோட சேர்த்து எத்தனை ஊடு?”

“நாலுன்னு நெனைக்கறேன். அஞ்சாக்கூட இருக்கும். என்னைப் பார்த்துத்தான் மத்தவங்க போனாங்க.”

மணியன் கையை விரித்தான். செருப்பைக் கழற்றாமலே திரும்பினான்.

“எந்திரிண்ணா,” என்றான். “வெள்ளிக்கெழமைக்குள்ள ஊடு ஊடாப் போயி, பத்திரம் பதிய வேண்டாம்ன்னு கேக்கோணும். எனக்குத் தொண்டை இல்ல. நீதான் பேசோணும்.”

“என் பேச்சை இனி யாருடா நம்புவாங்க?”

“நம்ப மாட்டாங்க. வா.”

நாச்சிமுத்து எழுந்தான். அவனுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார்.